வீட்ல பணம் போன நேரம் பாத்து மனசும் ஒருத்தர் மேல போயிட்டா என்ன பண்றது

15, 16, 17 வயசுல இருக்கற, வீட்ல திடீர்னு பணக்கஷ்டம் வந்துட்ட, அதே சமயத்துல எதிர்பாக்காம ஒருத்தர பிடிச்சும் போயிட்ட தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன். அப்பாவுக்கு வேலை போயிருக்கலாம், பிசினஸ் படுத்திருக்கலாம், யாருக்கோ ஜாமீன் கையெழுத்து போட்டு மாட்டியிருக்கலாம், வீட்ல ஒருத்தர் படுத்த படுக்கையாகி இருந்ததெல்லாம் கரைஞ்சிருக்கலாம். காரணம் எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள நடக்கறது ஒண்ணுதான், எல்லாரும் மெல்லமா பேச ஆரம்பிப்பாங்க, நீ ரூமுக்குள்ள வந்தா பேச்சு நின்னுடும், உன்கிட்ட யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க ஆனா உனக்கு எல்லாம் தெரியும். அந்த நேரத்துல ஒருத்தர் போன்ல ஒரு மெசேஜ் அனுப்பி உன்ன சிரிக்க வைக்கறாங்க, அடுத்த நிமிஷமே வீடு இப்படி கெடக்கும்போது எனக்கு சிரிப்பு வேற கேக்குதான்னு உன் மேலயே உனக்கு கோவம் வருது.

மொதல்ல அந்த கோவத்த விடு. வீட்ல கஷ்டம் இருக்கறதால உன் மனசு மூணு வருஷம் கழிச்சு வளந்துக்கறேன்னு காத்துட்டு இருக்காது, ரெண்டும் ஒண்ணா வரும், வரட்டும். ஆனா ரெண்டும் ஒண்ணா வரும்போது ஒரு ஆபத்து இருக்கு, அத சொல்லத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன். வீட்டு நிலைமைய மறைக்கணும்னு நீ சொல்ற ஒவ்வொரு சின்ன பொய்யும் நேரா அந்த காதலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அதே மாதிரி காதல மறைக்க வீட்ல சொல்ற பொய் ஏற்கனவே நொந்து போயிருக்கற அம்மா அப்பா தலையில போய் விழும். அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சமாவது உண்மைய சீக்கிரமா சொல்லிடறதுதான் வழி. எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல, கொஞ்சம் போதும். அத எப்படி சொல்றதுன்னு பாப்போம்.

மொதல்ல வீட்ல வாய விட்டு கேளு

அரைகுறையா காதுல விழுந்தத வச்சு ராத்திரி படுத்துட்டு நீயா கற்பனை பண்றது, உண்மைய விட பெரும்பாலும் மோசமாத்தான் இருக்கும். வீட்ட வித்துடுவாங்களோ, என்ன படிக்க வைக்க மாட்டாங்களோ, அப்பாவ போலீஸ் புடிச்சிட்டு போயிடுமோன்னு எங்கயோ போகும். அதனால கேக்கணும், ஆனா கேக்கற நேரம் முக்கியம். வெளிய அலைஞ்சிட்டு வந்து செருப்ப கழட்டும்போது கேக்காத, சாப்பிடும்போது கேக்காத, கடன்காரர்கிட்ட இருந்து போன் வந்து வச்ச அடுத்த நிமிஷம் கேக்கவே கேக்காத. அம்மா அப்பா ரெண்டு பேர்ல யார் கொஞ்சம் நிதானமா இருக்காங்களோ அவங்ககிட்ட, தனியா, ஏதாவது வேலை செஞ்சிட்டே இருக்கும்போது பேசு. துணி மடிச்சிட்டே பேசறது மூஞ்சிய பாத்து உக்காந்து பேசறத விட ரெண்டு பேருக்கும் ஈஸி.

இப்படி ஆரம்பிக்கலாம். "அம்மா, எனக்கு கொஞ்சம் தெரியும், முழுசா தெரியாது. நான் கணக்கு கேக்கல. மூணே மூணு விஷயம் மட்டும் சொல்லு, அதுக்கப்பறம் தினமும் நச்சரிக்க மாட்டேன்." அப்பறம் அந்த மூணு கேள்வி. நாம இதே வீட்லயே இருப்போமா? என் படிப்புக்கு இந்த வருஷம் என்ன வழி? வெளிய யாராவது கேட்டா நான் என்ன சொல்லலாம், எத சொல்லக் கூடாது?

அந்த மூணாவது கேள்விய நிறைய பேர் கேக்கறதே இல்ல, ஆனா அதுதான் உனக்கு அதிகமா தேவைப்படும். ஏன்னா உன் ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்க, உனக்கு பிடிச்சவங்க கேப்பாங்க, சொந்தக்காரங்க நோண்டுவாங்க. "அப்பா வேலை மாறிட்டு இருக்கார், இப்போ கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான் சொல்லு"ன்னு வீட்லயே ஒரு வரி முடிவு பண்ணி குடுத்துட்டா, நீ யார்கிட்டயும் கதை கட்ட வேண்டியதில்ல, வீட்டு மானத்த காத்துல விட்டுட்டோமோன்னு குத்த உணர்ச்சியும் இருக்காது. அம்மா மொதல்ல "உனக்கெதுக்கு இதெல்லாம், நீ போய் படி"ன்னு சொல்லலாம். சரின்னு விட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப கேளு, சத்தம் போடாம.

அப்பா எரிஞ்சு விழறது எதனால

1980கள்ல அமெரிக்காவுல விவசாயத்துல பெரிய நெருக்கடி வந்து நிறைய குடும்பங்க நெலத்தையே இழந்தாங்க. அதுக்கப்பறம் 1989ல ராண்ட் காங்கர், க்ளென் எல்டர்னு ஆராய்ச்சியாளர்கள் அயோவா மாநிலத்து கிராமங்கள்ல 451 குடும்பங்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க, எல்லா வீட்லயும் ஏழாவது படிக்கற ஒரு பிள்ளை இருந்துச்சு. அவங்க கண்டுபுடிச்சது என்னன்னா பணம் கொறஞ்சது நேரடியா பிள்ளைங்கள பாதிக்கறது கம்மி, பணக்கஷ்டம் அம்மா அப்பா மனச ஒடைக்குது, மனசு ஒடஞ்சா அவங்க ரெண்டு பேருக்குள்ள சண்டை வருது, அந்த சூடுதான் எரிச்சலாவோ இல்ல கண்டுக்காம விடறதாவோ பிள்ளைங்க மேல எறங்குது. பணத்துக்கும் உனக்கும் நடுவுல அவங்களோட மனசு இருக்கு, அவ்ளோதான் விஷயம். ஃபேன ஏன் ஆஃப் பண்ணலன்னு அப்பா கத்தும்போது அந்த கத்தல் ஃபேனுக்கானதும் இல்ல உனக்கானதும் இல்ல. இது தெரிஞ்சா வலிக்காதுன்னு சொல்லல, ஆனா வலிக்கற எடம் மாறும். அதுக்காக அடி ஒதைய பொறுத்துக்கோன்னு அர்த்தம் இல்ல, கை நீட்டற அளவுக்கு போச்சுன்னா வீட்டுக்கு வெளிய நம்பிக்கையான ஒரு பெரியவங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

இன்னொண்ணு. தமிழ்நாட்டு கரும்பு விவசாயிங்க 464 பேர்கிட்ட அறுவடைக்கு முன்னாடி கையில காசு இல்லாதப்போ ஒரு தடவ, அறுவடை முடிஞ்சு பணம் வந்தப்பறம் ஒரு தடவ அறிவுத்திறன் டெஸ்ட் வச்சு பாத்தாங்க, 2013ல வந்த ஆய்வு. அதே ஆளுங்கதான், ஆனா காசு இல்லாத சமயத்துல மார்க் கொறைவா வந்துச்சு. பணக்கவலை மூளையில பெரிய எடத்த புடிச்சிக்குது, மத்ததுக்கு எடம் பத்தல. உங்க வீட்ல உன் பிறந்தநாள மறந்துட்டாங்களா, பேரண்ட்ஸ் மீட்டிங் வர மறந்துட்டாங்களா, பாசம் கொறஞ்சிடுச்சுன்னு நெனைக்காத. உனக்கும் இதேதான் நடக்கும், படிச்சது நிக்காது, புக்க தொறந்தா கண்ணு மட்டும் ஓடும். அந்த மாசங்கள்ல நான் மக்காயிட்டேன்னு முடிவுக்கு வந்துடாம கொஞ்ச கொஞ்சமா படி, ராத்திரி தூக்கத்த விடாத. உன் வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றாங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சாட் பண்ணா அது கெடைக்காது, இத ரெண்டாவது பாதியில திரும்ப சொல்லுவேன்.

அம்மா அப்பா சண்டைக்கு நடுவுல நீ ஜட்ஜ் ஆகாத. "நீயே சொல்லு, உங்கப்பா பண்ணது சரியா?"ன்னு கேட்டா, "எனக்கு ரெண்டு பேரும் வேணும், இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்"னு சொல்லிட்டு எழுந்து போயிடலாம், அது மரியாதை கொறைவு இல்ல. சின்ன தம்பியோ தங்கச்சியோ இருந்தா அந்த நேரத்துல அவங்கள பக்கத்து ரூமுக்கு கூட்டிட்டு போறது நீ செய்யக்கூடிய பெரிய உதவி.

இப்போ ரொம்ப முக்கியமான ஒண்ணு, இத வேகமா படிச்சிட்டு போயிடாத. கடன் கழுத்த நெரிக்கற வீட்ல பெரியவங்க சில சமயம் "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "நான் போயிட்டா எல்லாம் தீந்துடும்"னு சொல்லுவாங்க. சும்மா பொலம்பறாங்கன்னு விட்டுடாத. அன்னிக்கே, அடுத்த நாள் இல்ல, அன்னிக்கே வீட்ல இன்னொரு பெரியவங்ககிட்டயோ மாமா சித்தப்பா அத்தைன்னு நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயோ அந்த வார்த்தைய அப்படியே சொல்லு. அவங்கள தனியா விடாம யாராவது கூடவே இருக்கணும், டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும், அத ஏற்பாடு பண்றது பெரியவங்க வேலை, தகவல் சொல்றது மட்டும் உன் வேலை. அப்பா யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லு, இந்த ஒரு விஷயத்துல அந்த சத்தியம் செல்லாது. உனக்கே அந்த மாதிரி எண்ணம் வந்தாலும் இதே ரூல்தான், அன்னிக்கே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லணும்.

காசு விஷயத்துல நீ என்ன பண்ணலாம், எத தொடவே கூடாது

உன் பேர்ல மாசாமாசம் என்னென்ன செலவாகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுது. டியூஷன், போன் ரீசார்ஜ், ஓடிடி, ஜிம், டிரஸ், பாக்கெட் மணி. அதுல உன்னால நெஜமாவே விட முடியற ரெண்ட நீயே டிக் பண்ணி அம்மாகிட்ட குடு. "எனக்கு எதுவுமே வேணாம்மா"ன்னு டயலாக் பேசறது வேண்டாம், அது அவங்கள இன்னும் அழ வைக்கும், எந்த கணக்குக்கும் உதவாது. இந்த ரெண்டு வேணாம், இந்த ஒண்ண மட்டும் விட முடியாதுன்னு சொன்னா அவங்களுக்கு ஒரு தெளிவு கெடைக்கும். படிப்ப அந்த லிஸ்ட்ல சேக்காத. ஃபீஸ் கட்ட முடியலன்னா ஸ்கூலுக்கு அம்மாவோட நீயும் போய் தவணையா கட்டலாமான்னு கேளு, ஸ்காலர்ஷிப் இருக்கான்னு கேளு, கடைசி தேதிக்கு முன்னாடியே கேளு. தேதி தாண்டி கேக்கறவங்கள விட முன்னாடி வந்து கேக்கறவங்களுக்கு எங்கயுமே வழி அதிகமா கெடைக்கும். புக்கு சீனியர்கிட்ட கெடைக்கும்.

பார்ட் டைம் வேலை பாக்கலாமா? உன் வயசுக்கு சட்டம் அனுமதிக்கற வேலையா இருந்தா, வீட்ல தெரிஞ்சு, லீவு நாள்ல, பாக்கலாம். 1930கள்ல உலகமே பொருளாதார மந்தத்துல இருந்தப்போ ஓக்லாண்ட் நகரத்துல வளந்த 167 பிள்ளைங்கள பத்தி மேல சொன்ன எல்டர் ஆராய்ச்சி பண்ணியிருக்கார். கஷ்டப்பட்ட வீட்டு பிள்ளைங்க நிறைய பேர் சின்ன சின்ன வேலைக்கு போனாங்க, வீட்டு வேலைய எடுத்து செஞ்சாங்க, பின்னாடி அவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லாவே நின்னாங்க. நம்மாலயும் வீட்டுக்கு ஏதோ செய்ய முடியுதுங்கற நெனப்பு ஒரு பலம். ஆனா வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல போனா படிப்பு அடி வாங்குதுன்னு பிற்கால ஆய்வுகள் காட்டுது, அதனால அளவோட.

தொடவே கூடாதது இதெல்லாம். லோன் ஆப், வேற யாரோ பெரியவங்க பேர்ல கூட வேண்டாம். பெட்டிங், காசு வச்சு ஆடற ஆன்லைன் கேம், அப்பா கடன ஒரே ராத்திரியில அடைச்சிடலாம்னு தோணும், அந்த தோணல வச்சுதான் அவங்க பிசினஸே ஓடுது. வீடியோவுக்கு லைக் போட்டா காசுன்னு வர்ற வேலை, மொதல்ல கொஞ்சம் குடுத்து அப்பறம் உன்கிட்ட டெபாசிட் கேப்பாங்க. எல்லாத்தையும் விட மோசமானது, "உன் பேங்க் அக்கவுண்ட கொஞ்ச நாள் குடு, காசு வரும், எடுத்து எனக்கு அனுப்பு, உனக்கு கமிஷன்"னு கேக்கறது. அது திருட்டு பணம் போற வழி. போலீஸ் வந்தா அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டு கதவதான் தட்டும். ஃப்ரெண்டு கேட்டாலும் குடுக்காத, உனக்கு பிடிச்சவங்களே கேட்டாலும் குடுக்காத.

இப்போ அந்த ஒருத்தர் விஷயத்துக்கு வருவோம்

ஏன் இப்போ பாத்து வருதுன்னு கேட்டா அதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு. கனடாவுல வான்கூவர் பக்கத்துல கப்பிலானோன்னு ஒரு தொங்கு பாலம், கீழ பள்ளத்தாக்கு 70 மீட்டர் ஆழம், நடந்தா ஆடும். 1974ல டட்டன், ஏரன்னு ரெண்டு பேர் அந்த பாலத்துல வர்ற ஆம்பளைங்ககிட்ட ஒரு பொண்ண அனுப்பி கேள்வி கேக்க வச்சு அந்த பொண்ணோட போன் நம்பரையும் குடுக்க வச்சாங்க, பக்கத்துல இருந்த ஆடாத சாதா பாலத்துலயும் அதையே செஞ்சாங்க. ஆடற பாலத்துல அந்த பொண்ண பாத்தவங்கதான் அப்பறம் அதிகமா போன் பண்ணாங்க. பயத்துல அடிச்சிக்கற நெஞ்ச அந்த பொண்ணுக்காக அடிச்சிக்குதுன்னு ஒடம்பு மாத்தி எடுத்துக்குதுன்னு அவங்க விளக்கம் குடுத்தாங்க.

உன் வீட்ல இப்போ ஏற்கனவே நெஞ்சு படபடன்னுதான் இருக்கு. அதனால உன் காதல் பொய்யின்னு நான் சொல்ல வரல, அப்படி சொல்ற பெரியவங்கள எனக்கும் பிடிக்காது. அவசரப்பட்டு முடிவு எடுக்காதன்னு மட்டும் சொல்றேன். ஒரு சாதாரண நாள்ல, வீட்ல சண்டை இல்ல, அழுகை இல்ல, பரிட்சை இல்ல, அந்த மாதிரி ஒரு சப்புன்னு போற நாள்லயும் அவங்ககூட பேசணும்னு தோணுதா பாரு. தோணுச்சுன்னா நல்லது. வீட்ல பிரச்சனை வெடிக்கறப்போ மட்டும்தான் அவங்கள தேடறன்னா, உனக்கு இப்போ தேவை ஒரு ஆறுதல், அத ஃப்ரெண்டும் குடுக்கலாம் டீச்சரும் குடுக்கலாம், அதுக்கு காதல்னு பேர் வச்சு ரெண்டு பேரும் மாட்டிக்க வேண்டாம்.

எப்படி சொல்றது

பொதுவா நடக்கறது இதுதான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வெளிய போறாங்க, நீயும் வான்னு மெசேஜ் வருது. கையில காசு இல்ல. "தலைவலி"ன்னு போடற. அடுத்த வாரம் திரும்ப கூப்பிடறாங்க, "கசின் வர்றாங்க". மூணாவது தடவ ப்ளூ டிக் மட்டும். உன் பக்கத்துல இருந்து பாத்தா நீ மானத்த காப்பாத்திட்ட. அவங்க பக்கத்துல இருந்து பாத்தா உனக்கு அவங்கள பிடிக்கல, தெளிவா தெரியுது, நாலாவது தடவ கூப்பிட மாட்டாங்க. காசு இல்லாததால போன காதல விட காசு இல்லன்னு சொல்லாததால போன காதல்தான் அதிகம்னு நான் நெனைக்கறேன்.

அதனால ரெண்டாவது தடவையே இப்படி டைப் பண்ணு. "வரணும்னு ஆசையாதான் இருக்கு. வீட்ல இப்போ கொஞ்சம் பணம் டைட், செலவு ஆகற எடத்துக்கு சில மாசம் வர முடியாது. உன்ன அவாய்ட் பண்ணல. நாளைக்கு க்ளாஸ் முடிஞ்சு நடந்து போலாமா?" அவ்ளோதான். கடன் எவ்ளோ, யார் ஏமாத்தினா, அம்மா நகை என்னாச்சு, எதுவும் வேண்டாம். வீட்ல முடிவு பண்ண அந்த ஒரு வரிக்கு மேல போகாத. மெசேஜ் அனுப்பிட்டு போன கீழ வச்சிட்டு வேற வேலை பாரு, டைப்பிங் டைப்பிங்னு வர்றத பாத்துட்டே உக்காராத.

பதில் மூணு விதமா வரலாம். "சரி, நடக்கலாம்"னு வந்தா வேற என்ன வேணும். "அய்யோ பாவம், நான் குடுக்கறேன், நான் பாத்துக்கறேன்"னு வந்தா நல்ல மனசுதான், ஆனா அங்கயே ஒரு கோடு போடணும், கீழ சொல்றேன். மூணாவது, கிண்டலா ஒரு ஸ்டிக்கர் வரும் இல்ல அடுத்த நாள் க்ளாஸ்ல நாலு பேருக்கு தெரிஞ்சிருக்கும். அப்படி நடந்தா வலிக்கும், நெறைய வலிக்கும், ரெண்டு வாரத்துக்கு ஸ்கூல் போகவே பிடிக்காது. அந்த ஆள்கிட்ட அதுக்கப்பறம் உன் வீட்ட பத்தி ஒரு வார்த்தை பேசாத, விளக்கம் குடுக்காத, கெஞ்சாத. தெரிஞ்சவங்க கேட்டா "ஆமா, கொஞ்சம் கஷ்டம்தான்"னு நேரா சொல்லிட்டு போ, நீயே ஒத்துக்கிட்ட விஷயத்த வச்சு ரொம்ப நாள் கிண்டல் பண்ண முடியாது.

காதலுக்குள்ள காசு வரும்போது

அவங்க செலவு பண்ணா நீ எப்பவும் கடன்பட்ட மாதிரி ஃபீல் பண்ணுவ, சண்டை வந்தா கூட பேச தோணாது, எதுக்காவது வேணாம்னு சொல்லணும்னா வாய் வராது. அந்த கடைசி விஷயம்தான் பயங்கரம். அதனால ஒரு சின்ன ஸ்நாக்ஸ் அவங்க வாங்கி குடுத்தா சந்தோஷமா வாங்கிக்கோ, ஆனா பணமா வாங்காத, ஃபீஸ் கட்டறேன்னு சொன்னா வாங்காத, போன் வாங்கி தந்தா திருப்பி குடு. நீயும் கடன் வாங்கி கிஃப்ட் வாங்கற வேலை வச்சுக்காத. நடக்கறது, லைப்ரரி, சேந்து படிக்கறது, ஒரே ஹெட்செட்ல பாட்டு கேக்கறது, எல்லாம் ஃப்ரீதான். காசு இல்லாத எடத்துலதான் ஒருத்தர் எப்படிப்பட்டவங்கன்னு சீக்கிரமா தெரியும், பேசறதுக்கு வேற எதுவும் இருக்காதுல்ல.

வயசுல உன்ன விட ரொம்ப பெரியவங்க, கையில காசோட, "உங்க வீட்டு கஷ்டம் எனக்கு தெரியும், நான் இருக்கேன்"னு வந்தா அது வேற கதை. கஷ்டத்துல இருக்கற வீட்டு பிள்ளைங்கள தேடி வர்றவங்க இருக்காங்க. பணம் குடுத்துட்டு போட்டோ கேப்பாங்க, தனியா வர சொல்லுவாங்க, வீட்ல சொல்லாதன்னு சொல்லுவாங்க. வீட்ல சொல்லாதங்கற அந்த வார்த்தை வந்தாலே போதும், அங்கயே நிறுத்து. ஏற்கனவே போட்டோ அனுப்பிட்ட, இப்போ மெரட்டறாங்கன்னா, அப்பாவுக்கு இருக்கற கஷ்டத்துல இது வேறயான்னு நெனச்சு மூடி வைக்காத. எந்த அப்பா அம்மாவும் கடன விட இதத்தான் மொதல்ல கேக்க விரும்புவாங்க. காசு குடுத்தா மெரட்டல் நிக்காது, இன்னும் கேப்பாங்க. மெசேஜ அழிக்காம வச்சுக்கிட்டு ஒரு பெரியவங்ககிட்ட காட்டு, அவங்களோட போய் போலீஸ்ல சொல்லு.

ஒருத்தர் மேலயே எல்லாத்தையும் ஏத்தாத

இது நல்ல காதலுக்கும் பொருந்தும். உனக்கு பிடிச்சவங்களுக்கும் 16 வயசுதான். தெனமும் ராத்திரி வீட்ல நடந்தத ஒண்ணு விடாம கொட்டினா மொதல் வாரம் கேப்பாங்க, ரெண்டாவது வாரம் கேப்பாங்க, அப்பறம் உன் பேர் போன்ல வந்தாலே அவங்களுக்கு மூச்சு முட்டும், சொல்லவும் முடியாது அவங்களால. அதுக்கு பதிலா மூணா பிரிச்சுக்கோ. வீட்டு விஷயத்துல உண்மையான உதவி வேணும்னா ஒரு பெரியவங்க, டீச்சரோ கவுன்சிலரோ சித்தியோ. பொலம்பறதுக்கு ஒரு நோட்டு. சிரிக்கறதுக்கு அவங்க.

நோட்டுன்னு சொன்னது சும்மா இல்ல. 1986ல பென்னபேக்கர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் காலேஜ் பசங்கள தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிஷம், மனசுல இருக்கற பெரிய கஷ்டத்த பத்தி எழுத சொன்னார், நடந்ததையும் எழுதணும், அதுல என்ன தோணுச்சுன்னும் எழுதணும். எழுதி முடிச்ச ஒடனே அவங்களுக்கு மனசு இன்னும் கனமாத்தான் இருந்துச்சு, ஆனா அடுத்த மாசங்கள்ல அவங்க டாக்டர்கிட்ட போறது மத்தவங்கள விட கொறஞ்சுது. எழுத்துப்பிழை பாக்காத, யாருக்கும் காட்டாத, வேணும்னா கிழிச்சு போட்டுடு. எழுத எழுத தாங்க முடியாம போனா நிறுத்திட்டு யார்கிட்டயாவது பேசு. ராத்திரி சாட்டுக்கும் ஒரு நேரம் வச்சுக்கோ, பத்தரைக்கு குட் நைட்னா பத்தரைக்கு, அந்த தூக்கம் நாளைக்கு உனக்கு க்ளாஸ்லயும் வேணும் வீட்லயும் வேணும்.

வீட்ல காதல பத்தி சொல்லணுமா? உங்க வீடு எப்படின்னு உனக்குத்தான் தெரியும். கடன்காரர் வாசல்ல நிக்கற வாரத்துல போய் சொல்லாத, அது மட்டும் நிச்சயம். ஆனா எங்க போறேன்னு பொய் சொல்லிட்டு போகாத, லைப்ரரிக்கு போறேன்னா லைப்ரரியிலதான் இருக்கணும், அங்க அவங்களும் வரட்டும். உன் வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தருக்காவது, அக்காவோ அண்ணனோ, இந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும். வெளிய இருந்து யாரோ போட்டு குடுத்து தெரியறத விட நீயே சொன்னா நல்லது. மாட்டிக்கிட்டா "நாங்க இவ்ளோ கஷ்டப்படறோம், உனக்கு இது கேக்குதா"ன்னு கண்டிப்பா வரும். அந்த நேரத்துல வாதாடாத. "என் படிப்ப விடல, உங்க காசுல ஒரு பைசா இதுக்கு செலவு பண்ணல, எங்க போறேன்னு பொய் சொல்லல"ன்னு மூணையும் தைரியமா சொல்ற நிலைமையில நீ இருந்தா போதும், கோவம் ஆறினப்பறம் அது அவங்க மனசுல நிக்கும்.

வாக்கு குடுக்கறதையும் தள்ளிப்போடு. படிப்ப விட்டுட்டு வேலைக்கு போய் உன்ன பாத்துக்கறேன், 18 முடிஞ்ச அன்னிக்கே கல்யாணம், ரெண்டு பேரும் எங்கயாவது போயிடலாம், இந்த மாதிரி பேச்செல்லாம் வீட்ல இருந்து தப்பிக்கணும்னு தோணும்போதுதான் வரும். பேசற அன்னிக்கு உண்மையா சொல்றதாத்தான் இருக்கும், ஆனா வீட்டு நிலைமை கொஞ்சம் செட்டில் ஆகற வரைக்கும் திருப்பி எடுக்க முடியாத எதையும் செய்யாத. அவங்க உன்ன அவசரப்படுத்தினா "எனக்கு இப்போ பெரிய முடிவு எதுவும் எடுக்க முடியாது"ன்னு சொல்லு, கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

வீடு மாற வேண்டி வந்தா

வாடகை கட்ட முடியாம சின்ன வீட்டுக்கோ வேற ஊருக்கோ போக வேண்டி வரலாம், ஸ்கூலும் மாறலாம். தேதி உறுதியான அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லிடு, கடைசி நாள் வரைக்கும் மறைச்சு வச்சு அழ வைக்காத. நேர்ல சொல்லு. "இந்த மாசம் 30க்குள்ள போறோம். எனக்கு உன்கூட பேசறது நிக்க வேண்டாம். ஆனா தெனமும் முடியாது, போனுக்கும் காசு பாக்கணும், புது எடத்துல நான் படிக்கவும் வேணும்"னு சொல்லிட்டு, வாரத்துல எந்த ரெண்டு நாள், எத்தன மணிக்கு பேசறதுன்னு அங்கயே உக்காந்து முடிவு பண்ணுங்க. ஒருத்தருக்கு அது சரிப்படாம போனா காணாம போயிடாம வாய்ல சொல்லிடணும்னும் அப்பவே பேசி வச்சுக்கோங்க. அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொட்டி கட்டற வேலையில சேந்துக்கோ, அழுகை வந்தா அம்மா பக்கத்துலயே உக்காந்து அழு, எதுக்கு அழறன்னு அவங்க கேட்டா சொல்லு.